நாலு இருபது முதல் ஐந்து ஐந்து வரை

கொரோனாவின் மூன்றாம் எண் நோயாளி எங்கெங்கே போனார் என்று கேரள அரசு வெளியிட்ட ரூட் மேப்பில் எல்லாம் இருந்தது: விமானம் இறங்கிய நேரம், டாக்சி, மீன் சந்தை, முடிதிருத்தும் கடை. அந்தந்த நேரத்தில் அங்கே இருந்தவர்கள் உடனே சுகாதார நிலையத்தைக் கூப்பிட வேண்டும். பன்னிரண்டாம் தேதி மாலை நாலு இருபது முதல் ஐந்து ஐந்து வரை மட்டும் கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

தாளில் பெயர் இல்லை. இருந்தும், அது துபாயிலிருந்து வந்த மனாப் என்று கூரிப்பறம்பு ஊருக்கு மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. அந்த முக்கால் மணி நேரத்தை ஊரே நிரப்பியது. சாராயக் கடை வரிசை என்றார்கள் சிலர். இன்னொரு குடும்பம் என்றார்கள் சிலர். பேக்கரிக்காரர் ஹம்சா, மனாப் தன்னிடமும் சமோசா வாங்கினார், தாளில் எதிரே உள்ள முடிதிருத்தும் கடையை மட்டும் போட்டிருக்கிறார்களே என்று சண்டைக்கு வந்தார். தாளில் ஏறினால் பதினான்கு நாள் பூட்ட வேண்டும் என்றதும், அன்றைக்கு சமோசா வாங்கியது வேறு யாரோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேப்புக்கு விவரம் சேர்த்தது சுகாதார நிலைய நர்ஸ் பிரசன்னா. தனி வார்டிலிருந்த மனாப், ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்ததாகவே போனில் திரும்பத் திரும்பச் சொன்னார். மார்ச் வெயிலில், ஊர் வந்த மறுநாளே, எந்த வளைகுடாக்காரன் ஆற்றங்கரையில் உட்காருவான்? அவளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

வளைகுடாவிலிருந்து வந்தவர் எந்த வீட்டுக்கு என்ன கொடுத்தார் என்பது இங்கே மறக்கிற விஷயமில்லை. அதனால் அவள் மனாபின் மனைவி சாபிராவிடம் நேரத்தைக் கேட்கவில்லை, அவர் கொண்டுவந்த பெட்டியைப் பற்றிக் கேட்டாள். சாபிரா யோசிக்கவே இல்லை. பத்து டின் பால்பொடி வந்தது. ஒன்பது வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. ஒரு டின்னும் ஒரு கோடாலித் தைலமும் எங்கே போயின என்று அவளுக்கும் தெரியவில்லை.

பிரசன்னா மறுபடி மனாபைக் கூப்பிட்டாள்.

"மனாபிக்கா, நீங்க எனக்கு அண்ணன் மாதிரி. அந்தப் பத்தாவது டின் யார் வீட்டுக்குப் போச்சுன்னு நான் கேட்கல. அந்த வீட்டுல உடம்புக்கு முடியாதவங்க யாராவது உண்டா? அதை மட்டும் சொல்லுங்க."

இந்த முறை மனாப் ஆற்றங்கரை என்று சொல்லவில்லை.

"டயாலிசிஸ் பண்றவர் சிஸ்டரே," என்றார். "நாளைக்கு அவருக்கு முறை."

மனாபின் அண்ணன் பீரான். பாகப் பிரிவினையில் பெற்ற தாயையே கோர்ட்டுக்கு இழுத்தவர். அவன் படியை மிதிக்கிறவன் என் படியை மிதிக்க வேண்டாம் என்று தாய் இத்தியும்மா சொல்லி எட்டு வருடம் ஆகிறது. உம்மாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவாள் என்று மனாப் அழுதார்.

டயாலிசிஸ் அறையில் பீரானோடு இன்னும் பதினோரு பேர் படுப்பார்கள். பிரசன்னா டாக்டரிடம் ஓடினாள். அவருக்குத் தனி இயந்திரம், கடைசி முறை என்று ஏற்பாடாயிற்று, பரிசோதனைக்கு மாதிரியும் எடுத்தார்கள். ஆள் கிடைத்துவிட்ட பிறகு தாளில் எழுத வேண்டிய அவசியமில்லை என்று டாக்டர் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டார். தம்பியைப் பற்றி ஊர் பேசியதையெல்லாம் பீரான் வீட்டுக்குள் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. பீரானுக்கு நோய் இல்லை. பிரசன்னா கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். அன்று மாலை அவளுக்கு ஒரு போன் வந்தது. பதினாறாம் தேதி வரை மனாபோடு ஒரே வீட்டில் இருந்ததால் தனிமையில் வைக்கப்பட்டிருந்த இத்தியும்மா.

"பீரானுக்கு எப்படி இருக்கு மோளே?"

நல்லாயிருக்கார், நோய் இல்லை என்று மட்டும் பிரசன்னா சொன்னாள். பிறகு ஆவல் தாங்காமல், மனாப் அங்கே போனது உம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"ஒவ்வொரு லீவுக்கும் போறான். ஒவ்வொரு லீவுக்கும் நான் கேட்கறதில்ல," என்றாள் கிழவி. "என் மகன் சாராயக் கடையில நின்னான்னு ஊர் சொல்லுது. அந்தக் கட்டத்துல எழுது மோளே. அண்ணன் வீட்டுக்குப் போனான்னு எழுது."

மனாபும் பீரானும் சரி என்றார்கள். டாக்டர் எழுதச் சொன்னார். எழுதியாயிற்று என்று சொல்லப் பிரசன்னா கூப்பிட்டபோது கிழவி போனை வைக்கவில்லை.

"இந்தப் பதினாலு நாள் யாருக்கு முதல்ல முடியும்? எனக்கா, பீரானுக்கா?"

பிரசன்னா காலண்டரைப் பார்த்தாள். "அவருக்குத்தான் உம்மா. உங்களுக்கு நாலு நாள் முன்னாடி."

"அப்ப அவன்தான் முதல்ல வரணும்," என்றாள் இத்தியும்மா. கொஞ்சம் பொறுத்து, "வேண்டாம். உடம்புக்கு முடியாத பிள்ளை. இன்னும் நாலு நாள் பொறுக்கச் சொல்லு, நானே அவன் வீட்டுக்குப் போறேன்."