வாசலில் கழற்றாத காலணி

லெட்டூஸ் கீரைமேல் பனி உறைந்திருந்தால் கத்தி வைக்கக் கூடாது. தொட்ட இடமெல்லாம் கறுத்துப்போகும். அதனால் அன்று வெயில் ஏறும்வரை வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன்.

இருட்டு விலகுமுன் அக்கா மகள் நயேலி வந்தாள். அவள் வீடு நாட்டு எல்லை வேலிக்கு அந்தப் பக்கம், மெக்சிகாலியில். கையிலிருப்பது கடைகண்ணிக்கு வந்துபோகும் அட்டை. அதை வைத்துக்கொண்டு இங்கே படிக்கக் கூடாது. என் வீட்டு முகவரியைக் கொடுத்து இந்தப் பக்கத்து அரசுப் பள்ளியில் இரண்டு வருடமாகப் படிக்கிறாள். எல்லைச் சோதனையில் தெரிந்தால் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள்.

"வரிசை நகரவே இல்ல சித்தி. பசிக்குது."

அவரைப் பயறு வைத்து ரொட்டியைச் சுருட்டிக் கொடுத்தேன். பாதி தின்பதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள்.

பள்ளியிலிருந்து முகவரி சரிபார்க்க வருகிற பராசா. நான் பதறவில்லை. அவளுக்கென்று ஒரு கட்டில் போட்டு, தினமும் போர்வையை நானே கசக்கி வைப்பேன். பல்துலக்கும் பிரஷ்கூட ஈரமாக இருக்கும்.

நான் சொல்லாமலே அவர் வாசலில் ஷூவைக் கழற்றி, என் வீட்டுக்காரர் பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார். "எங்கம்மாவும் வெங்காயக் காட்டுலதான் கெடந்தாங்க," என்றார்.

வயலில் அடிக்கிற பூச்சிமருந்து காலணியோடு உள்ளே வந்துவிடும். அறுக்கப் போகிறவர்கள் வீட்டில் தவழ்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

அறையைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார்.

"பொண்ணு நல்லா உருளுவா போல."

"சுவத்தையே உதைப்பா சார்."

சிரித்துக்கொண்டே சமையலறைக்கு வந்தவர், மேசைக்கடியில் பார்த்தார். நயேலியின் காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, முடிச்சு அவிழாமல்.

"எவ்வளவு நாளா இங்க இருக்கேம்மா?"

"ரெண்டு வருஷமா சார்."

"ரெண்டு வருஷமா சித்திகிட்ட அடி வாங்காமலா இருக்கே?"

அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"அவசரத்துல மறந்துட்டா சார்."

"இருக்கற வீட்டுல யாருக்கும் இது மறக்காதும்மா." குரலை உயர்த்தவில்லை. "இவ இங்க இல்லன்னு மட்டும் சொல்லுவேன். எங்க இருக்கான்னு நான் கேக்கல, நீங்களும் சொல்லல. அட்டை பாக்கறது என் வேலையில்ல. ஆனா பள்ளிக்கூடம் முடிஞ்சுது."

நயேலி வாயிலிருந்ததை விழுங்கினாள். "இன்னைக்கு வேதியியல் பரீட்சை சார்."

"எழுதி என்ன பண்ணப் போற?"

"படிச்சுட்டேனே. எழுதிட்டுப் போறேன்."

அவர் வாசலில் குனிந்து நெடுநேரம் ஷூ கயிற்றைக் கட்டினார். "மதியத்துக்கு மேலதான் ஆபீஸுக்குப் போவேன்," என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அடுப்பை அணைத்தேன். அக்காவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"உன் தரை கொஞ்சம் அழுக்கா இருந்திருந்தா நான் இன்ஜினீயர் ஆயிருப்பேன் சித்தி."

"கொழுப்புடி உனக்கு. அங்கயும் பள்ளிக்கூடம் இருக்கு."

"இருக்கு. எல்லாம் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

மீதி ரொட்டியைத் தின்று முடித்தாள். எழுந்துபோய் ஷூவைக் கழற்றி பூட்ஸ் வரிசையில் வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே வந்தாள்.

"இனிமே எதுக்குடி?"

"மதியம் ஆகல இன்னும்," என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.