தவிட்டுக்கு வாங்கிய எறும்பு

செங்கம் சாலைக்குத் தெற்கே, காய்ந்த கரம்பு நிலத்தில் புற்று வைத்திருக்கும் கருஞ்சிவப்பு எறும்புகளை இன்ன பேரினம் என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால், விடிவதற்குள் அவற்றின் உணர்கொம்பில் ஒரு கணு கூடிவிடும். இது முதலில் நடந்தது 1974இல். அந்த வருஷம் மழை கம்மி, மல்லாட்டை என்கிற நிலக்கடலை விளைச்சலும் கம்மி.

முதலில் அகப்பட்டது சகாதேவனுக்கு. பகலில் மல்லாட்டை மண்டியில் மூட்டை எடை போடுகிறவன். சாயங்காலம் பூச்சியியல் வகுப்பு. அதில் தேறினால் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர் வேலைக்கு மனுப் போடலாம், மண்டித் தூசியில் இருமிக்கொண்டே வயதாக வேண்டியதில்லை. தேறுவதற்கு, ஊரில் ஒரு பூச்சியைப் பிடித்து, அதன் பேரினத்தை ஆசிரியர் கோதண்டராமனிடம் நிரூபிக்க வேண்டும். வழிகாட்டி அட்டவணை ஒன்று கொடுத்திருந்தார்கள். இடுப்பில் ஒரு முடிச்சா இரண்டா, கொம்பில் பதினொரு கணுவா பன்னிரண்டா என்று ஒவ்வொரு கேள்வியும் ஒரு சந்தில் திருப்பி, கடைசியில் ஒரு பெயரின் வாசலில் கொண்டுபோய் விடும். சகாதேவன் எதையும் மூன்று தரம் எண்ணுகிறவன். மூன்றாம் தரத்துக்குப் பிறகும் தன்னை நம்பாதவன். பன்னிரண்டு என்று எண்ணி முடித்து, கிடைத்த பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டு படுத்தான். மறுநாள் கோதண்டராமன் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "பதிமூணு இருக்குதேப்பா. மண்டியிலயும் இப்படித்தான் எடை போடுறியா?" வகுப்பு சிரித்தது.

தனக்கு எண்ணத் தெரியவில்லை என்றுதான் அவனும் நினைத்தான். அடுத்த வருஷம் பதின்மூன்றுக்கு ஏற்ற பெயர் பிடித்தான், பதினான்காகிவிட்டது. ஸ்பிரிட் குப்பியில் செத்துக் கிடந்த எறும்புக்கும் அப்படியே கூடியிருந்தது. அதற்கு மேல் அட்டவணையில் வழியே இல்லை என்பதால் பல்லையும் முதுகு முள்ளையும் வைத்துப் பெயர் தேடினான். கூடப் படித்த தசரதன் ஒரு கரப்பானைக் கொண்டுவந்து முதல் தடவையே தேறி, வேலூருக்கு வேலைக்குப் போய்விட்டான். வேறு பூச்சி பிடிக்கச் சொன்னார்கள். மாற்றினால் எண்ணத் தெரியாதவன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும், மாட்டேன் என்றான். பதினேழு கணு ஆன வருஷம் கோதண்டராமன், "ரெண்டு எறும்போட கொம்ப ஒட்டி எடுத்தாந்தியா?" என்று கேட்டார். சகாதேவன் வீட்டுக்கு வந்து அட்டவணையைச் சுருட்டிச் சுவரில் அடித்தான், பிறகு எடுத்துத் தடவி நேராக்கினான்.

பரீட்சை முடிந்து அடுத்த பரீட்சை வரை கணு ஏறுவதில்லை என்பதை அவன் கவனித்தது ஏழாவது வருஷம். தப்பு எண்ணிக்கையில் இல்லை, தன் வாயில் இருந்தது என்று புரிந்தபோது பத்தொன்பது ஆகியிருந்தது. எறும்புகள் தங்கள் கொம்பையே மிதித்துத் தடுக்கி விழுந்தன. புல்விதை தூக்கி வந்தவை பாதி வழியில் போட்டுவிட்டு நின்றன. புற்றுவாயில் செத்த எறும்புகள் குவிந்தன.

கரம்பில் மாடு ஓட்டிவந்த அக்கா பாஞ்சாலை அதைப் பார்த்தாள், காரணத்தை அவன் சொல்லக் கேட்டாள். சகாதேவனுக்கு முன்னால் பிறந்த மூன்று ஆண்பிள்ளைகள், மூன்றுக்கும் சாமிப் பெயர்கள், ஒன்றும் தங்கவில்லை. அதனால் இவனைப் பெற்றதும் அம்மா குப்பைமேட்டில் கிடத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்து, ஒரு முறம் தவிட்டுக்கு அம்மாவிடமே விற்றாள். வீட்டில் அவன் குப்பன். சகாதேவன் என்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வைத்தது.

"பெருசா பேரு வச்சா இப்படித்தான் ஆவும். நீ பொழச்சதே குப்பன்னு கூப்ட்டதாலதான்டா. இதுங்களயும் தவிட்டுக்கு வாங்கிடு."

"அக்கா, இது சயின்ஸ்."

"எது, ஏழு வருசமா பெயிலாவுறதா?"

கடைசியில் சகாதேவன் சில எறும்புகளைக் குப்பியில் பிடித்துக் குப்பைமேட்டில் வைத்தான். பாஞ்சாலை எடுத்து, தவிடு வாங்கிக்கொண்டு அவனிடமே விற்றாள். குப்பை எறும்பு என்று மூன்று தரம் கூப்பிட்டார்கள். கணு ஏறவில்லை. கொம்பை முதுகில் கொண்டைபோலச் சுருட்டி வைத்துக்கொண்டு விதை சுமக்க எறும்புகள் மெல்லப் பழகின. ஆனால் பரீட்சையில் குப்பை எறும்பு என்று சொன்னதற்கு மார்க் கிடைக்கவில்லை. சகாதேவன் யார்மேலும் கோபித்துக்கொள்ள முடியாமல் மூட்டைகளின்மேல் கோபித்துக்கொண்டான்.

1982இல் கோதண்டராமன் ஓய்வு பெற இருந்தார். போவதற்கு முன் இந்தப் பையனைத் தேறவைத்துவிட வேண்டும் என்று அவரே கரம்புக்கு வந்தார். மண்டியிட்டு, பூதக்கண்ணாடியை வைத்து, கொம்பை விட்டுவிட்டு இடுப்பை, பல்லை, காலை எல்லாம் நிதானமாகப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "அடடே, குப்பையாவது ஒண்ணாவது! இது வந்துப்பா..." என்றார்.

இத்தனை வருஷம் அவன் தேடிய பெயர் அவர் உதட்டுக்கு வந்துவிட்டது. அதைக் கேட்டுவிட்டால் வேலை நிச்சயம். சகாதேவன் குனிந்து, ஆசிரியரின் வாயைக் கையால் பொத்தினான். உள்ளங்கைக்கு அடியில் அவர் உதடு இரண்டு மூன்று தடவை அசைந்தது, பிறகு அடங்கியது. கோதண்டராமன் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். ஒழுங்கீனம் என்று எழுதி அந்த வருஷமும் பெயிலாக்கினார். அந்தப் பெயரை அவர் பிறகு யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

சகாதேவன் மண்டிக்கே போய்வந்தான், இருமினான். கரம்பில் கொண்டை போட்ட எறும்புகள் போவதை இப்போது யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆசிரியர் வந்துபோன மறுநாள் காலை மட்டும் அவன் போய் ஒன்றைப் பிடித்து எண்ணினான். பத்தொன்பது. இன்னொரு தரம் எண்ணினான், பத்தொன்பது. மூன்றாம் தரம் எண்ணாமல் அதைப் புற்றுவாயில் இறக்கிவிட்டு, மண்டிக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தான்.