தொலைக்காட்சியில் என் முழங்கை

டெஸ்பினாவின் காபிக் கடைக்கு நியூயார்க் டிவிக்காரர்கள் வந்த அன்று நான் பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தேன். தேர்தல் வருஷம், அக்டோபர் மாதம். நாலு வருஷத்துக்கு ஒருமுறை அவர்களுக்கு எங்கள் ஒஹையோப் பக்கம் ஞாபகம் வரும். மற்ற நாட்களில் நாங்கள் இருக்கிறோமா போனோமா என்று எட்டிப் பார்க்க ஆள் கிடையாது.

மைலோ ஹுடாக்கும் நானும் வழக்கம்போல் சமையலறைக் கதவை ஒட்டிய மேசையில் உட்கார்ந்திருந்தோம். மைலோ வெள்ளைக்காரன். ஸ்லோவாக் குடும்பம், ஆற்றுக்கு மேற்கே வீடு. நான் கறுப்பினத்தவள். அலபாமாவிலிருந்து பிழைக்க வந்த அப்பா கிழக்கே குடியேறினார், நானும் அங்கேயே இருந்துவிட்டேன். ஒரே வருஷத்தில்தான் இரண்டு பேரும் எஃகு ஆலையில் சேர்ந்தோம். நான் மேலே கிரேன் ஓட்டினேன், அவன் கீழே நின்று சைகை காட்டினான். இரும்பை அவன் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போவதே வருஷக்கணக்கில் என் வேலை. அப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில் மரியாதைப் பேச்சு அதிக நாள் தாங்காது.

மெரிடித் என்ற பெண்தான் டிவிக்காரர்களுக்குத் தலைவி. சின்னவள், நல்ல மாதிரி. "உங்ககூட உக்காந்து கொஞ்சம் பேசலாமா? ஊர் எப்படி இருக்கு, தொழிலாளிங்க என்ன நினைக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்" என்றாள்.

"நாங்க இப்ப தொழிலாளிங்க இல்லம்மா, தொல்லைங்க" என்றான் மைலோ.

இரண்டு மணி நேரம் பேசினோம். அதிகம் பேசியது நான்தான். ஓய்வூதியத்தில் கை வைத்தது, ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடியது, பிள்ளைகள் எல்லாம் கொலம்பஸ் நகரத்துக்கு ஓடியது. மைலோ நடுநடுவே "இவ சொல்றது சரி" என்பான். அதைவிட அதிகமாக "இவ சொல்றது தப்பு" என்பான். மெரிடித் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பு. டெஸ்பினா கடையைத் திறந்தே வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு ஆப்பிள் பை கொடுத்தாள். திரையில் மைலோ வந்தான். அவன் முகத்துக்குக் கீழே 'முன்னாள் எஃகுத் தொழிலாளி' என்று எழுத்து. மைலோ பேசினான், பெருமூச்சு விட்டான், ஜன்னலைப் பார்த்தான். அடுத்து பூட்டிய ஆலையைக் காட்டினார்கள். மறுபடி மைலோ. திரையின் ஓரத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது.

"அது என்ன?" என்றாள் டெஸ்பினா.

"என் முழங்கை" என்றேன்.

கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து அதுவே என் பேராகிவிட்டது. "முழங்கைக்கு இன்னொரு காபி!" என்று டெஸ்பினா உள்ளே குரல் கொடுப்பாள்.

சிரித்தாலும் மனசு கேட்கவில்லை. மெரிடித்துக்குப் போன் செய்தேன்.

"உங்க பகுதியை நாங்க தூக்கிப் போடல, மேடம்" என்றாள். "வேற நிகழ்ச்சிக்கு வச்சிருக்கோம். கறுப்பின வாக்காளர்கள் பத்தி. உங்களை உங்க சர்ச்சுல வச்சு இன்னும் கொஞ்சம் எடுக்கலாமா?"

"எனக்கு சர்ச் கிடையாதும்மா. புதன்கிழமை பௌலிங் கூடத்துல பந்து உருட்டப் போவேன்."

"அப்படியா... உங்க தெருவுல பாழடைஞ்ச வீடு எதுவும் இருக்கா? அதுக்கு முன்னாடி நின்னு..."

"என் தெருவுல எல்லா வீட்டுலயும் ஆள் இருக்காங்க."

அவள் திட்டமிட்டு அவமானப்படுத்தவில்லை. அவளுக்கு அது தோன்றவே இல்லை, அவ்வளவுதான். அவர்கள் வகுத்து வைத்ததில் மைலோ தொழிலாளி, நான் கறுப்பி. அவனுக்கு முன்னாலேயே காலை ஷிஃப்டுக்கு வந்து, ஆலை மூடுகிற நாள் வரை கிரேனில் உட்கார்ந்திருந்தவள் என்பதற்கு அவர்களிடம் இடமே இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அன்றைக்குப் பழைய நிகழ்ச்சி ஞாபகமாகவே இருந்தது.

ஆலை மூடிய மறுவருஷம் நானும் மைலோவும் டிவியில் வந்தோம். சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. ஊருக்குக் கேபிள் கொடுத்த கம்பெனி ஒரு சேனலை ஊர்க்காரர்களுக்கு விட்டுத்தர வேண்டும் என்று அப்போது ஒப்பந்தம். அவர்கள் அலுவலகத்தின் பின்பக்கம் ஓர் அறை, தாங்கியில் ஒரு கேமரா, மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி. வியாழன் சாயங்காலம் 'ஷிஃப்ட் முடிஞ்சாச்சு' என்று எங்கள் நிகழ்ச்சி. எங்கே ஆள் எடுக்கிறார்கள், பள்ளிக்கூட கால்பந்து அணி ஏன் தோற்றது, மேயர் எந்த ரோட்டைப் போடாமல் ஏமாற்றுகிறார், எல்லாம் பேசுவோம். பாதி நேரம் சண்டைதான். ஊரில் அந்த நேரத்தில் வேறு எதையும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று டெஸ்பினாவின் அப்பா சொல்வார். சாயங்கால வியாபாரமே படுத்துவிடுமாம்.

எங்களிடம் ஒரே ஒரு விதி. 'சில பேர் சொல்றாங்க' என்று யாரும் பேசக் கூடாது. யார் சொன்னது என்று பேர் சொல்ல வேண்டும்.

ஒருமுறை ரூடி என்கிறவன் கூப்பிட்டு, "அந்தப் பொம்பளைக்குக் கிரேன் குடுத்தாங்க, என் மச்சானுக்குக் குடுத்திருக்கணும்" என்றான்.

மைலோ ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தான். "ரூடி, உன் மச்சான் ஏணியில பாதி ஏறினதும் வாந்தி எடுத்தான். கீழ நின்னது நான்."

அடுத்த வாரம் அதே ரூடி, தன் பழைய பனி அள்ளும் இயந்திரத்தை விற்கணும், யாருக்காவது வேண்டுமா என்று கூப்பிட்டான். என்னிடம்தான் விசாரித்தான். நான்தான் வாங்கினேன்.

இன்னொரு நாள் வீட்டு விஷயம் வந்தது. ஆலை நன்றாக ஓடிய காலத்தில் மேற்கே ஃபென்விக் தெருவில் ஒரு வீடு பார்த்தேன். விற்றுவிட்டது என்றார் தரகர். அது ஆறு மாதம் காலியாகவே கிடந்தது. இதை நிகழ்ச்சியில் சொன்னேன்.

"வேற ஏதாவது காரணம் இருந்திருக்கும்" என்றான் மைலோ.

"என்ன காரணம்யா? வீட்டுக்கு என்னைப் பாத்து வெக்கமா?"

தொலைபேசி அடித்தது. "மைலோ, நான் லுட்மிலா அத்தை பேசறேன்."

"அத்தை, டிவில இருக்கோம் அத்தை."

"தெரியும்டா, உன்னைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். சட்டையை இஸ்திரி போடத் தெரியாதா உனக்கு? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. தெருவுல நாங்கதான் தரகரைக் கூப்பிட்டு, அவளுக்கு விக்காதேன்னு சொன்னோம். நானும் சொன்னேன்."

மைலோ கேமராவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்ப ஏன் சொல்றீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

"நீதான கேட்ட. அப்புறம், அந்த வீட்டுக்கு வந்தானே ஒருத்தன், மூணு நாய் வளக்கிறான். நடைபாதையில பனியை ஒருநாள் தள்ளினதில்ல. நீயா இருந்தா தள்ளியிருப்ப."

"உங்க வாசலையும் சேத்தா?"

"ஏன், வயசானவ வாசலைத் தள்ள மாட்டியா?"

மைலோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, எனக்கும்தான். வீட்டுக்கு வந்து அழுதேன், அது வேறு விஷயம். கிழவி மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் தன் பேரைச் சொன்னாள், தன் வாயால் சொன்னாள். அதற்குப் பிறகு கடைத்தெருவில் பார்த்தால் நின்று பேசுவாள். நானும் நிற்பேன்.

நிகழ்ச்சி ஒன்பது வருஷம் ஓடியது. பிறகு பெரிய கம்பெனி ஒன்று கேபிளை வாங்கியது. எங்கள் அறையில் பெட்டிகளை அடுக்கிவைத்தார்கள்.

இப்போது மைலோ கதைக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்புக்குப் பிறகு டிவிக்காரர்கள் அவனை விடவே இல்லை. மெரிடித் கூப்பிட்டாள், அவளைப் பார்த்து இன்னொரு சேனல்காரன் கூப்பிட்டான். பழைய யூனியன் தொப்பியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டான். ஜன்னலோர மேசைக்கு மாறினான், அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். கோபப்படு கோபப்படு என்று சொல்லிக்கொடுத்தார்களோ என்னவோ, எங்கள் கால்பந்து அணி தோற்றால் ஒழியக் கோபமே வராத மனுஷன் புருவத்தை நெரிக்கப் பழகினான்.

"எங்க கருத்தை யாருமே கேக்கறதில்ல" என்று டிவியில் சொன்னான்.

மறுநாள் கடையில் கேட்டேன். "யோவ், இந்த மாசத்துல உன்னை மட்டும் நாலு தடவை கேட்டுட்டாங்களேய்யா?"

"உனக்குப் பொறாமை, வெர்லீன்."

"ஆமா, பொறாமைதான். ஆனா உன் மூஞ்சியைவிட என் முழங்கை நல்லா வந்திருந்துச்சு."

அவன் சிரிக்கவில்லை. அது எனக்கு வலித்தது. அதற்குப் பிறகு நான் கடைக்குப் போகவில்லை. வீட்டிலேயே காபி போட்டுக் குடித்தேன். சகிக்கவில்லை.

தேர்தலுக்கு முந்தின வாரம், பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் ஊர்க்காரர்களை உட்காரவைத்து நேரடி ஒளிபரப்பு செய்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை, வீட்டிலிருந்து பார்த்தேன். நிகழ்ச்சி நடத்தியவர் மைலோவிடம் மிருதுவாகக் கேட்டார்: "உங்க மாதிரி ஆளுங்க வேலைக்கு வரிசையில நிக்கும்போது வேற சில பேரை முன்னாடி விட்டாங்கன்னு இங்க ஒரு ஆதங்கம் இருக்கா?"

வேற சில பேர் என்றால் எங்களைப் போன்ற கறுப்பினத்தவர். மைலோ கேமராவுக்குப் பக்கத்தில் யாரையோ பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"அப்படி நினைக்கிற சில பேர் இருக்கத்தான் செய்யறாங்க" என்றான்.

டிவியை அணைத்துவிட்டேன். கோபம்கூட வரவில்லை.

இரண்டு நாள் கழித்து வாசல் மணி அடித்தது. மைலோ நின்றான், கையில் மூடி போட்ட பாத்திரம். அவர்கள் சர்ச் விற்பனையில் வாங்கிய முட்டைக்கோஸ் உருண்டை, எனக்குப் பிடிக்கும். தலையில் தொப்பி இல்லை.

நான் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டேன். "யாரு?" என்றேன்.

"நான்தான், கண்ணு தெரியலையா?"

"அதைக் கேக்கல. சில பேர்னியே, யாரு? பேரு சொல்லு."

குளிரில் அவன் மூக்கு சிவந்திருந்தது. "ரூடி" என்றான்.

"ரூடி செத்துப் போயிட்டான்."

"டோரதியோட தம்பி" என்றான். டோரதி, செத்துப்போன அவன் மனைவி.

"அவன் ஃபுளோரிடால கோல்ஃப் ஆடறான். வேற?"

மைலோ தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் விடவில்லை. கடைசியில், "நான்" என்றான். "ஆலையில இல்ல. அங்க ஒருநாளும் இல்ல. மூடினதுக்கு அப்புறம் பள்ளிக்கூட பஸ் ஓட்ட ரெண்டு பேருமே மனு போட்டோமே. உனக்குக் கிடைச்சுது, எனக்குக் கிடைக்கல. அப்ப நினைச்சேன். கொஞ்ச நாள் நினைச்சேன்."

"ஒன்பது வருஷம் பக்கத்துல உக்காந்திருந்தியே, அப்ப சொல்லலையே?"

"வெக்கமா இருந்துச்சு."

"எங்கிட்ட சொல்ல வெக்கம். நாட்டுக்கே சொல்ல வெக்கமில்லையா?"

அவன் பாத்திரத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "அந்தப் பொண்ணு தலையாட்டறா, வெர்லீன். நான் என்ன பேசினாலும் தலையாட்டறா. டோரதி போனதுக்கப்புறம் நான் பேசி யாரு தலையாட்டினாங்க? நீ எப்ப பாத்தாலும் குறுக்கதான பேசுவ."

உண்மைதான், நான் குறுக்கேதான் பேசுவேன். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "உள்ள வந்து தொலை, வீடு குளிர்ந்து போகுது" என்றேன்.

மன்னித்துவிட்டேனா என்று பிறகு என் மகள் கேட்டாள். தெரியவில்லை. அன்று சேர்ந்து சாப்பிட்டோம். உருண்டையில் உப்புத் தூக்கல் என்றேன், இல்லை என்றான். அதில் ஆரம்பித்து ஆளுநர் வரைக்கும் போயிற்று.

தேர்தல் முடிந்தது. யார் ஜெயித்தார் என்பது இங்கே வேண்டாம். எங்கள் இரண்டு பேரில் ஒருவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். மெரிடித் மறுபடி கூப்பிடவில்லை. மைலோ கொஞ்ச நாள் போனை மேசைமேல் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான். பிறகு சட்டைப்பைக்குள் போட்டான். ஒருநாள் தானாகவே சமையலறைக் கதவோரம் வந்து உட்கார்ந்தான்.

அதற்கப்புறம் இரண்டு நல்ல வருஷம் கிடைத்தது எங்களுக்கு. மூன்றாவது குளிர்காலத்தில் இதயம் நின்று தூக்கத்திலேயே போய்விட்டான்.

அவன் மகன், பேர் பால், கொலம்பஸிலிருந்து வந்து என்னைக் கூப்பிட்டான். "பேப்பர்ல போடலாம்னு பாத்தேன் ஆன்ட்டி. பேப்பரே இல்லையாமே?"

"கோடையிலயே மூடிட்டாங்கப்பா."

"யாருக்கெல்லாம் சொல்லணும்னுகூட எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். சமையலறையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட ஆரம்பித்தேன். மைலோ போயிட்டான் என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன். விடுவார்களா? ஒருத்தர், வேலைநிறுத்தத்தின்போது மைலோ வண்டி நிறைய விறகு கொண்டுவந்து போட்டதைச் சொன்னார். இன்னொருத்தி, அவன் நாட்டியமாடி அவள் கால் விரலை மிதித்து நகம் கழன்றதைச் சொன்னாள். காது கேட்காத ஒரு கிழவரிடம் மூன்று முறை கத்தினேன். அவர் கடைசியில், "எந்த மைலோ, உன்கூட டிவில சண்டை போடுவானே, அவனா?" என்று கேட்டுவிட்டு அழுதார். இருட்டும்போது என் காது சுட்டது, குரல் போய்விட்டது.

அடக்கத்துக்கு ஆற்றின் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தார்கள். நான் பின்வரிசையில் உட்காரப் போனேன். பால் வந்து கையைப் பிடித்து முன்வரிசைக்கு அழைத்துப் போனான். பிறகு சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றித்தொடை வறட்டி போல இருந்தது, காபி ஆறிப்போயிருந்தது. நாற்காலிகளை மடித்து அடுக்க ஆட்கள் வந்து நின்றார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்கு எதிரே ஃபென்விக் தெருக்காரர்கள் இரண்டு பேர், அந்தக் கால மேயர் திருடனா முட்டாளா என்று மோதிக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ரெண்டும்தான்" என்றேன்.