கணவன் இறந்த ஆண்டு

"என்னை எப்பண்ணே கொன்னீங்க?"

தங்கை குரலை உயர்த்தவில்லை. மேசைமேல் விரித்திருந்த அச்சுத்தாளில் ஒரு கட்டத்தின் மீது பென்சில் முனையை வைத்தபடி கேட்டாள். கட்டத்துக்குள் அவள் பெயர். கீழே பிறந்த ஆண்டு, ஒரு கோடு, இறந்த ஆண்டு. பதினோரு வருடங்களுக்கு முன் அவள் கணவன் லாரி மோதி இறந்த ஆண்டு அது.

அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. தெருவில் அவருக்குக் கொடிமரம் என்று பெயர்.

"அது நம்ம வழக்கம். வம்சக் கட்டத்துல புருஷன் போன வருஷம் எதுவோ, பொண்டாட்டிக்கும் அதுதான். அதுக்கப்புறம் அவளுக்கு என்ன வரலாறு இருக்கு?"

ஏழு தலைமுறையை ஒருவர் விடாமல் சொல்லத் தெரிந்த குடும்பம். அதில் பெருமை கொள்வது குற்றமில்லை. முன்னோர் எழுதிவைத்த கட்டங்களை அண்ணன் புத்தகமாக அச்சடித்து, ஞாயிற்றுக்கிழமை உறவினருக்கெல்லாம் கொடுக்க இருந்தார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் தங்கைதான். கணவன் போனபின் சேர்ந்த வேலை. தாளைக் கொண்டுவந்த போர்மேன் அவள் கையெழுத்துக்காக வாசலோரம் காத்திருந்தார்.

"எனக்கு முன்னாடி ஆறு பேர் இப்படிண்ணே. மூணு மாசம் வீடு வீடா ஏறி இறங்கி, அவங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு கேட்டு எழுதிக் குடுத்தேனே, அந்த நோட்டு எங்க?"

"பழைய பேப்பரோட போயிடுச்சு. ஒருத்தி துணி தச்சா, ஒருத்தி ஆஸ்பத்திரியில தரை தொடச்சா. இதையெல்லாம் நாலு பேருக்கு அச்சடிச்சுக் குடுக்கணுமா?"

"அவங்க தரை தொடச்சதாலதான் நம்ம அப்பா பள்ளிக்கூடம் போனாரு."

"அப்பா தானாப் படிச்சு முன்னுக்கு வந்தாரு. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

டீ கொண்டுவந்த அண்ணி சிரித்தாள். "கட்டத்துல உனக்கு ஒரு இடம் குடுத்ததே பெருசு. உயிரோட இருந்து மட்டும் நீ என்ன வெட்டி முறிச்சுட்ட? கையெழுத்தப் போடு, அந்த மனுஷன் எவ்வளவு நேரம் உக்காந்திருப்பாரு."

தங்கை பென்சிலை மேசையில் வைத்தாள். "செத்தவ கையெழுத்து செல்லாது அண்ணி."

போர்மேன் தொண்டையைச் செருமினார். "அம்மா போடலைன்னா, ஐயா எழுதிக் குடுத்தாலும் போதுங்க."

'பிழை இல்லை' என்று அண்ணன் எழுதினார். அழகான கையெழுத்து. அது காயட்டும் என்று விட்டிருந்த நேரத்தில் அண்ணி கடைசிக் கட்டத்தைக் குனிந்து பார்த்தாள். அண்ணனுக்கு மூன்று மாதம் முன்புதான் இரண்டாவது முறை நெஞ்சுவலி வந்திருந்தது. அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு.

"ஏங்க, உங்க பேருக்குக் கீழ இடம் விட்டிருக்கு. எனக்கு விடலையே?"

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். எனக்கு எழுதுற வருஷம் உனக்கும். பையன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"நான் முன்னாடி போயிட்டா?"

"அது உன் புண்ணியம். தனியா எழுதுவாங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. டீயில் சர்க்கரை போதும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். போர்மேன் தாள்களைச் சுருட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியேறினார். ஐந்நூறு பிரதிகள், மாலையே இயந்திரத்தில் ஏறிவிடும்.

அண்ணி தட்டைக் கீழே வைத்துவிட்டு, கணவர் முன்னால் இதுவரை உட்கார்ந்திராத நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்த ஆஸ்பத்திரி அம்மா... புருஷன் போனப்புறம் எத்தனை வருஷம் இருந்தாங்க?"

"நாப்பத்தொண்ணு, அண்ணி."

"நோட்டு இல்லாமலே ஞாபகம் இருக்கா?"

"ஆறு பேரோடதும் இருக்கு."

"உள்ள போய் வேலையைப் பாரு," என்றார் அண்ணன்.

அண்ணி எழுந்திருக்கவில்லை. "முதல் ஆள்லேருந்து சொல்லு," என்றாள் நாத்தனாரிடம்.