வெள்ளைக் கோட்டுக்கு எழுந்தவர்

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்றுவிட்டார். அதைப் பார்த்ததும் பல்லக்கா நடந்த இடத்திலேயே நின்றாள்.

அவள் டீத் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தாள், அவ்வளவுதான். அதற்குப் போய் ஒரு நரைத்த மனிதர், பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், முட்டியில் கையை ஊன்றி எழுந்து, "வணக்கம் டாக்டர்" என்கிறார்.

தட்டில் கோப்பைகள் கிடுகிடுத்தன. பல்லக்கா மகளைப் பார்த்தாள். மகள் ஜன்னல் திரையைப் பார்த்தாள்.

பல்லக்கா என்பது அவள் குடியிருக்கும் கட்டடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர். பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற அக்கா, பல்லக்கா ஆகிவிட்டாள். கருவிகளைக் கொதிக்க வைப்பது, நோயாளியின் கழுத்தில் துண்டு கட்டுவது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது, இவைதான் வேலை. நாள் முழுக்க நின்றபடி. உடம்பில் ஒரு வெள்ளைக் கோட்டு இருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் மரியாதையாக எழுந்து நிற்பார்கள். "டாக்டர் உள்ள இருக்காங்க, நீங்க உட்காருங்க" என்று சொன்னதும் உட்கார்ந்துவிடுவார்கள். அதன் பிறகு அவள் தண்ணீர் வாளியோடு வந்தால்கூட நீட்டிய காலை மடக்க மாட்டார்கள். அதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. ஆனால் இன்று அவள் கோட்டே போடவில்லையே!

சர்க்கரை எடுக்கிற சாக்கில் மகளைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"என்னடி இது?"

"குடும்ப போட்டோ அனுப்பச் சொன்னாங்கம்மா. உன் படத்துல அந்தக் கோட் போட்டதுதான் நல்லா இருந்துச்சு."

"கோட் போட்டா டாக்டரா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்ல. அவங்களா நெனச்சுக்கிட்டாங்க." மகள் குரலைத் தாழ்த்தினாள். "நானும் இல்லைன்னு சொல்லல. ஒரு மணி நேரம்தாம்மா. நீ வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

அப்பா இல்லாத பெண். படித்து வேலைக்குப் போய், தனக்குப் பிடித்தவனைத் தானே தேடிக்கொண்டவள். தன்னால் அது கெட்டுப்போகக் கூடாது. பல்லக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, சுவரோரமாக நின்றுகொண்டாள்.

மாப்பிள்ளை இன்னும் மேலே வரவில்லை. காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். அவன் அப்பா பேசிக்கொண்டே இருந்தார்.

"எங்க குடும்பத்துல டிகிரி இல்லாத ஆளே கிடையாது டாக்டர். டிகிரி இல்லாதவங்களோட என்னத்தப் பேசுறது, சொல்லுங்க? வாட்ச்மேன் வேலைக்கே டிகிரி கேக்கணும்ங்கறேன் நான்."

"கேப்பாரு, கேப்பாரு" என்றாள் அவர் மனைவி. "சாவியை உள்ள வெச்சுப் பூட்டிட்டு அந்த வாட்ச்மேனைத்தான் முதல்ல கூப்பிடுவாரு."

பல்லக்கா சிரித்து வைத்தாள். எந்தக் கல்லூரி என்று கேட்டுவிட்டால்? எந்த வருஷம் என்று கேட்டுவிட்டால்? அவள் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாதான் திறந்தாள்.

"டாக்டரம்மா, தப்பா நெனைக்காதீங்க. இந்தக் கடைவாய்ப் பல்லு ஒரு வாரமா உயிரை எடுக்குது. வந்த இடத்துல ஒரு பார்வை பாத்துடுங்களேன்." சொல்லிவிட்டு அண்ணாந்து, ஆவென்று வாயைத் திறந்தாள். அவள் கணவர் போன் டார்ச்சைப் போட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

மகள் முகம் வெளுத்துவிட்டது. பல்லக்கா குனிந்தாள். உள்ளே ஈறு சிவந்து புடைத்திருந்தது. அது என்ன, எவ்வளவு ஆழம், எதுவும் அவளுக்குத் தெரியாது. டாக்டர் தட்டிப் பார்ப்பார், எக்ஸ்ரே எடுப்பார், பிறகுதான் சொல்வார். 'ஒண்ணுமில்ல, சரியாயிடும்' என்று சொன்னால் போதும். இந்த ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஆனால் யாரோ ஒண்ணுமில்லை என்று சொன்னதை நம்பி, பாதி முகம் வீங்கி, கண் மூடிப்போய் வந்தவர்களுக்கும் அவள்தான் துண்டு கட்டியிருக்கிறாள்.

"எனக்குப் பாக்கத் தெரியாதுங்க" என்றாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. "நான் டாக்டர் இல்ல. டாக்டருக்குப் பக்கத்துல நிக்கிறவ."

டார்ச் அணைந்தது. மாப்பிள்ளையின் அப்பா போய் உட்கார்ந்தார்.

"என்ன படிச்சிருக்கே?"

"ஒம்பதாவது."

"பொண்ணோட சர்டிபிகேட்டாவது நிஜம்தானா?"

பல்லக்காவுக்குக் காது அடைத்தது. போச்சு, எல்லாம் போச்சு. இந்தப் பாழாய்ப்போன வாயை இன்னும் கொஞ்சம் மூடி வைத்திருக்கக் கூடாதா?

"என் சர்டிபிகேட் நிஜம்தான், அங்கிள்" என்றாள் மகள். "பொய் என்னோடது. அம்மாவுக்கே இப்பதான் தெரியும். என்னைத் திட்டுங்க. அவங்களை அப்படிப் பேசாதீங்க."

மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். வீங்கியிருக்கா, இல்லையா?"

"வீங்கியிருக்குங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. தள்ளிப் போடாதீங்க."

"ஊசி போடுவாங்களா?"

"போடுவாங்க."

"ஐயோ!"

"நான் பக்கத்துல இருப்பேன். கையைப் பிடிச்சுக்கலாம்."

"அப்ப இப்ப உட்காருங்க. நீங்க இப்படி நின்னா, இங்கேயே புடுங்கிடுவீங்களோன்னு பயமா இருக்கு."

பல்லக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை மூச்சு வாங்க வந்து நின்றான்.

"ரெண்டு தெரு தள்ளித்தான் இடம் கெடச்சுது. என்னாச்சு, எல்லாரும் ஒரு மாதிரி இருக்கீங்க?"

"இவங்க டாக்டர் இல்லையாம்" என்றார் அப்பா.

"தெரியுமே."

"தெரியுமா? எங்ககிட்ட ஏன்டா சொல்லல?"

அவன் செருப்பைக் கழற்றுவதிலேயே கண்ணாக இருந்தான். "சொல்லியிருந்தா நீங்க இந்த மாடி ஏறியிருக்கவே மாட்டீங்களேப்பா."

அப்பா கோப்பையை எடுத்தார். ஆறிப்போன டீயை ஒரு சுற்றுச் சுற்றி அப்படியே வைத்தார். "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார்.

அது சரி என்பதா, இல்லை என்பதா? பல்லக்கா அவர் முகத்தில் தேடினாள். ஒன்றும் பிடிபடவில்லை. டீயைச் சூடு பண்ணித் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கப் பயமாக இருந்தது. அவர் முட்டியில் கையை ஊன்றினார். புறப்படத்தான். அதைக் கண்டதும், நின்றே பழகிய அவள் கால் தானாக எழப் பார்த்தது.

பின்னால் வந்து நின்ற மகள், அவள் தோளில் கையை வைத்து அழுத்தினாள். "நீ உட்காரும்மா" என்றாள். பல்லக்கா உட்கார்ந்தே இருந்தாள்.