கறுப்புப் பையில் கவிழ்த்த ஊசிகள்

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்ட அந்த இரண்டு பெண்களுக்கும் ஏழாம் பொருத்தம். மூத்தவள் அரசு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தாள். இளையவள் ஊர்க் கோடியிலிருந்த குப்பைக் கிடங்கில் பிளாஸ்டிக் பொறுக்கினாள். முகத்துக்கு முகம் பேசியே ஒரு வருஷமாகியிருந்தது.

அப்படியிருக்க, இளையவள் ஒரு மத்தியானம் உள்ளங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பின்வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க ஆஸ்பத்திரிக் குப்பையில ஊசி குத்திடுச்சு. கறுப்புப் பைதான். காகிதம், மிச்ச சோறுன்னு நினைச்சுக் கையை விட்டேன்."

அந்தப் பையைக் கட்டியவள் மூத்தவள்தான். போட்ட ஊசிகளுக்கென்று வார்டில் கெட்டியான வெள்ளைப் பெட்டி உண்டு. அது முக்கால்வாசி நிறைந்ததும் மூடி, அப்படியே எரிக்க அனுப்ப வேண்டும். புதுப் பெட்டி வரவில்லை, பழையதையே கறுப்புப் பையில் கவிழ்த்துவிட்டு மறுபடி வை என்று துப்புரவு மேஸ்திரி இரண்டு மாதமாகச் சொல்லிவந்தான். ஒரு தடவை கேட்டதற்கு, "நீ என்ன டாக்டருக்கா படிச்சிருக்கே?" என்றான். வாயை மூடிக்கொண்டாள்.

"அதைக் கொட்டினது நான்தான்," என்றாள்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

இளையவள் கையிலிருந்த துணியை இன்னொரு சுற்று இறுக்கினாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. மூத்தவள் அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, மேஸ்திரியைத் தேடிப் போனாள்.

மேஸ்திரி ஸ்டோர் ரூமைத் திறந்து வைத்திருந்தான். மறுநாள் ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள். உள்ளே கூரை முட்ட வெள்ளைப் பெட்டிகள், உறைகூடப் பிரிக்காமல்.

"இதெல்லாம் எப்போ வந்துச்சு?"

"அது கிடக்கு, ரெண்டு மாசமா. செலவழிச்சுட்டா வர்றவங்களுக்கு எதைக் காட்டுறது?"

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கையில் பெட்டி, மறு கையில் ஓரகத்தி. நேராகப் பெரிய டாக்டர் அறைக்குள் போய்ப் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"சரி, எய்ட்ஸ் வராம தடுக்குற மாத்திரை எழுதித் தர்றேன். எவ்வளவு சீக்கிரம் போடுறாளோ அவ்வளவு நல்லது. ஆனா ஊசி குத்தினவங்க ரெஜிஸ்டர்ல எழுத வேண்டாம்மா. இவ வெளியாளு."

"குத்தின ஊசி வெளியாள் இல்லையே டாக்டர். எங்க ஆஸ்பத்திரி ஊசின்னு எழுதுங்க."

"மெதுவா பேசு. பக்கத்துல நோயாளிங்க இருக்காங்க."

"இவளையும் அவங்கள்ல ஒருத்தியாச் சேர்த்துட்டோம். எழுதுங்க. எழுதுற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

அவர் எழுதினார். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே நகர்ந்தாள்.

மறுநாள் வார்டுக்கு வார்டு பளபளக்கும் பெட்டிகளைப் பார்த்து அதிகாரிகள் தலையாட்டினார்கள். அவள் துடைப்பத்தோடு குறுக்கே போய் நின்று, அந்த ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கிப் பார்க்கச் சொன்னாள். அதற்கப்புறம் மேஸ்திரியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பெரிய டாக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய் நீளம் என்று அவளைத் துணி வெளுக்கும் இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஆனால் வார்டில் பெட்டியைக் கவிழ்ப்பது நின்றது.

இருபத்தெட்டு நாள் மாத்திரை. இளையவள் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தாள். மூத்தவள் தினமும் போய் வாளியைக் கழுவி வைத்தாள்.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே," என்றாள் இளையவள் ஒரு நாள்.

"நினைக்கல. மாத்திரையைப் போடு."

மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. "அதிர்ஷ்டக்காரிதான்," என்று நர்ஸ் சிரித்தாள்.

மூத்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு மாதத்தில் தான் கவிழ்த்த மற்றப் பைகளெல்லாம் எங்கே போயின, யார் யார் அதற்குள் கையை விட்டார்கள் என்று அவளால் கணக்குப் போட முடியவில்லை. அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, இளையவளோடு கிடங்குக்குப் போனாள். அங்கே பொறுக்கிக்கொண்டிருந்த ஒவ்வொருவரிடமும் கையைக் காட்டச் சொல்லி, ஊசி ஏதும் குத்தியதா என்று கேட்டாள்.