கொக்கி மாட்டும் சத்தம்

1

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் டோல்னா ரேகா ரயில் சந்திப்பைப் பற்றி நகராட்சி ஒரு சிறப்பு மலர் கொண்டுவருகிறது. அதில் நிலையத்தின் வரலாற்றை என்னை எழுதச் சொன்னார்கள். நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். சேர வேண்டியவர்கள் சேராமல் ஒரு கதையையும் இதுவரை அச்சுக்குக் கொடுத்ததில்லை. வரலாறு எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் தலைநகர் சோஃபியாவுக்குக் குடிபோய்விட்டதால் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

மூன்று பக்கம் ஒழுங்காகப் போனது. நான்காம் பக்கத்தில், "இந்நிலையத்தின் அறிவிப்பாளராக நீண்ட காலம் பணியாற்றிவரும் திருமதி ரட்கா" என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கினேன். முடிக்க முடியவில்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் போன வியாழக்கிழமை வந்து நின்றுகொண்டது.

(பெயரை மாற்றித்தான் வைத்திருக்கிறேன். இருந்தும், அவள் வராத நேரமாகப் பார்த்துத்தான் இப்போது ரொட்டிக் கடைக்குப் போகிறேன்.)

2

வரலாற்றில் கொஞ்சமாவது சொல்லாமல் கதை நகராது.

கடற்கரை நகரமான வர்னாவிலிருந்து வரும் தண்டவாளமும் சோஃபியாவுக்குப் போகும் தண்டவாளமும் எங்கள் நிலையத்துக்குள் ஒரே பக்கமாக நுழைகின்றன. மறுபக்கம் ஆறு. முதலில் பாதை போட்டவர்கள், பாலத்தைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை. ஆகவே வருகிற ஒவ்வொரு வண்டியும் இங்கே வந்து முட்டி நிற்கும். இன்ஜினைக் கழற்றுவார்கள். அது பக்கத்துத் தடத்தில் சுற்றிக்கொண்டு போய் வண்டியின் வாலில் மாட்டிக்கொள்ளும். பிறகு வாலே தலையாகி வண்டி வெளியேறும். இதற்கு இருபது நிமிடம்.

எங்கள் ஊரே அந்த இருபது நிமிடத்தில் பிறந்ததுதான். முதல் நிலைய அதிகாரியின் மனைவி, காத்திருக்கும் பயணிகளுக்காக ஒரு பானை பீன்ஸ் சூப்பை ஜன்னலில் வைத்தாள். புதினா போட்டது. பிறகு முடிவெட்டும் கடை வந்தது, போட்டோக் கடை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. நீராவி போய் டீசல் வந்தது, டீசல் போய் மின்சாரம் வந்தது. சூப் ஜன்னல் மட்டும் மாறவில்லை. இப்போது மின்கா அக்கா நடத்துகிறாள்.*

பயணிகள் இறங்கி, நின்றபடி சூப் குடிப்பார்கள். யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. இன்ஜினின் கொக்கி பெட்டியின் கொக்கியில் விழும்போது 'டங்' என்று ஒரு சத்தம் வரும். நடைமேடை காலடியில் அதிரும். அதுதான் மணி. அதன் பிறகு இரண்டு வாய் குடித்துவிட்டு ஏறினால் போதும். இந்தப் பாதையில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும்.

* சூப் தருவது மண் கிண்ணத்தில். வண்டிக்குள் கொண்டுபோகக் கூடாது. இந்த விதியில் மின்கா அக்கா யாருக்கும் தளர்வு காட்டியதில்லை, ஒரு மந்திரிக்கும்கூட. [மந்திரி பற்றியது நான் சேர்த்தது. மலருக்காக எழுதினேன். இருக்கட்டும்.]

3

ரட்காவை எப்படி அறிமுகப்படுத்துவது என்று தெரியவில்லை.

'ரட்கா தனிமையில் வாடும் ஒரு' — [இல்லை. அவள் வாடுகிறவள் இல்லை.]

'கணவனை விடத் தன் வேலையை அதிகம் நேசித்த' — [இதை எழுதிய கையை நானே அடிக்க வேண்டும்.]

நடந்ததை மட்டும் சொல்கிறேன். ரட்கா நடைமேடையின் ஓரத்தில் உள்ள கண்ணாடி அறையில் உட்கார்ந்து வண்டிகளை அறிவிக்கிறாள். அவள் கணவன் ஒக்னியன் மரத்தச்சன். ஒரே மகள் ஸ்பெயினில் வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டாள். நாமும் போய்விடலாம் என்றான் ஒக்னியன். நான் வரவில்லை என்றாள் ரட்கா. ஏன் என்று கேட்டதற்கு அவளால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டில் பேச்சு குறைந்தது. பிறகு கதவுகள் பேசத் தொடங்கின. இரண்டு வருடம் முன்பு அவன் வர்னாவில் உள்ள அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான்.

அந்த வியாழக்கிழமைக்கு நாலு நாள் முன்பு போன் செய்தான்.

"பாப்பாகிட்ட போறேன், ஒரேயடியா. வியாழக்கிழமை வண்டி. நம்ம ஸ்டேஷன்ல இருபது நிமிஷம் நிக்குமில்ல, உனக்குச் சொல்றதுக்கு ஏதாச்சும் இருந்தா அப்பச் சொல்லு. இல்லேன்னா நான் பாட்டுக்குப் போயிடறேன்."

"வண்டி வரட்டும்," என்றாள் ரட்கா.

அவளுக்குச் சொல்ல ஏதோ இருந்தது. அது என்னவென்று அவளுக்கே பிடிபடவில்லை. இருபது நிமிடம் கிடைத்தால் எப்படியாவது வாய்க்கு வந்துவிடும் என்று நம்பினாள். நாலு நாளும் அந்த இருபது நிமிடத்தை மனசுக்குள் பிரித்துப் பிரித்து அடுக்கினாள். முதலில் சூப் வாங்க வேண்டும். கையில் கிண்ணம் இருந்தால் சண்டை வராது.

4

வியாழக்கிழமை காலையில் நிலைய அதிகாரி சவோவ் அவள் அறைக்குள் வந்தார்.

"இன்னைலேர்ந்து புது வண்டி விடறாங்க, ரட்கா. ரெண்டு முனையிலயும் ஓட்டுற அறை இருக்கு. டிரைவர் இந்தப் பக்கம் எறங்கி அந்தப் பக்கம் ஏறிக்குவார். இன்ஜின் கழட்டுறது, மாட்டுறது ஒண்ணும் கெடையாது. மூணு நிமிஷந்தான்."

"இதை இன்னைக்குத்தான் சொல்றீங்களா?"

"எனக்கே இன்னைக்குத்தான் சொன்னாங்க."

"சூப் குடிக்கறவங்க?"

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க. மைக்ல சொல்லுங்க."

அவர் போனதும் ரட்கா ஒக்னியனுக்குப் போன் செய்தாள். மலைச் சுரங்கப்பாதைகளுக்குள் வண்டி போய்க்கொண்டிருக்க வேண்டும், இணைப்பு கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள். மறுபடியும் இல்லை. நாலு நாளாக அடுக்கிவைத்த இருபது நிமிடத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று அவளுக்குக் கை ஓடவில்லை. வண்டி வெளியேறும்வரை அறிவிப்பாளர் அறையை விட்டு நகரக் கூடாது என்பது வேறு விதி. அந்த மூன்று நிமிடமும் அவளுடையதல்ல.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். அவளுக்கு மூச்சு முட்டுகிறதா எனக்கு முட்டுகிறதா என்று தெரியவில்லை.

5

வண்டி வந்தது. அழகான வண்டி, சத்தமே இல்லை. இங்கே எனக்கு மூன்று வழிகள் தெரிந்தன.

முதல் வழி: ரட்கா மைக்கை அணைத்துவிடுகிறாள். அவன் தெரியாமல் இறங்குகிறான், வண்டி போய்விடுகிறது, அவன் நின்றுவிடுகிறான். [அடித்துவிட்டேன். வண்டியில் இன்னும் எத்தனையோ பேர். யாருடைய மருந்தோ வண்டியோடு போகும் பையில் இருக்கும். ரட்கா அப்படிச் செய்ய மாட்டாள்.]

இரண்டாவது: மைக்கில் அவன் பெயரையே சொல்லி, 'ஒக்னியன், போகாதே' என்கிறாள். [இதை என் பழைய நாவல்களில் இரண்டு தடவை செய்துவிட்டேன். வாசகர்கள் அழுதார்கள். ஆனாலும் வேண்டாம்.]

மூன்றாவதுதான் நடந்தது. அவள் தெளிவாகச் சொன்னாள். "வண்டி மூன்று நிமிடம் மட்டுமே நிற்கும். பயணிகள் இறங்க வேண்டாம்." திரும்பவும் சொன்னாள். எப்போதும் சொல்லும் அதே குரலில் சொன்னாள். எப்போதும் போல யாரும் கேட்கவில்லை. கதவுகள் திறந்தன, அத்தனை பேரும் பையைச் சீட்டில் போட்டுவிட்டு மின்கா அக்காவின் ஜன்னலுக்கு நடந்தார்கள்.

ஒக்னியனும் நடந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். வரிசையில் நின்று ஜன்னலில் இரண்டு விரல் காட்டினான். இரண்டு கிண்ணம்.

ரட்கா எழுந்து கதவருகே போனாள். கதவைத் திறந்து ஒரு சத்தம் போட்டால் அவனுக்குக் கேட்டிருக்கும். கை பிடியின் மேல் இருந்தது. அவள் கதவைத் திறக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, மூன்றாவது தடவையாக மைக்கில் சொன்னாள், எல்லோருக்கும், அதே குரலில்.

ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தப் பிடியில் இருந்த கையை எழுதிவிட்டு மூன்று நாளாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியே மின்கா அக்காவுக்கு மட்டும் சந்தேகம் வந்ததாம். ஏதோ மூணு நிமிஷம்னு சொல்றாளே என்றிருக்கிறாள். "இன்னும் கொக்கி மாட்டலியே அக்கா, என்ன அவசரம்," என்றிருக்கிறார் ஒரு பெரியவர், ரொட்டியைப் பிய்த்துப் போட்டபடி.

வண்டி நகர்ந்தது. அப்போதும் யாரும் பதறவில்லை. கொஞ்சம் தள்ளி நிறுத்தப்போகிறார்கள் என்று ஒருவர் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டி ஜன்னலைத் தாண்டியபோதுதான் நடைமேடை முழுக்க ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டது.

"ஓடறவங்க ஓடுங்க," என்றாள் மின்கா அக்கா. "என் கிண்ணத்த வெச்சிட்டு ஓடுங்க."

அவள் சொன்னதைக் கேட்காமல் கிண்ணத்தோடு ஓடியவன் ஒருவன்தான். ஒக்னியன். இரண்டு கையிலும் இரண்டு கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினான். சூப் சட்டையிலும் காலிலும் கொட்டியது. நடைமேடை முடியும் இடத்தில் நின்றான். வண்டி வளைவில் மறைகிறவரை அவன் முதுகு அசையவில்லை.

ரட்கா கண்ணாடி வழியாக அதை முழுசாகப் பார்த்தாள்.

6

அவன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். கிண்ணங்களை மேசையில் வைத்தான். ஒன்றில் பாதி இருந்தது, மற்றொன்றில் அடியில் கொஞ்சம்.

"மூணு நிமிஷம்னு சொன்னியே," என்றான். "கேட்டுச்சு."

"கேட்டுச்சா?"

"ஊருக்குக் கேக்காட்டி என்ன, உன் குரல் எனக்குக் கேக்காதா? தெரிஞ்சுதான் எறங்கினேன்."

ரட்கா அவன் காலைப் பார்த்தாள். ஷூவின் மேல் ஒரு பீன்ஸ் இருந்தது. பேண்டில் ஒரு புதினா இலை ஒட்டியிருந்தது. கட்டைவிரல் சூடு பட்டுச் சிவந்திருந்தது.

"பெட்டி?"

"அதுல என்ன பெருசா. ரெண்டு சட்ட."

"பாஸ்போர்ட்?"

அவன் கை கோட்டுப் பைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. மார்பைச் சொறிந்துகொள்வதுபோல அந்தக் கையை மெதுவாகக் கீழே இறக்கினான்.

"அதுவும் பெட்டிலதான். போனாப் போகுது."

[இதில் பாதி மின்கா அக்கா சொன்னது. கிண்ணத்தைத் திரும்பக் கேட்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாளாம். அந்தப் பாஸ்போர்ட் கை மட்டும் நான் வைத்தது. பொய் சொல்கிற ஆணுக்குக் கை ஏதாவது செய்ய வேண்டும். இந்தப் பொய்யை நான் வெறுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பன்னிரண்டு நாவல்களில் எந்தக் கதாநாயகனும் இவ்வளவு அன்பாக ஒரு பொய் சொன்னதில்லை.]

7

அப்போது சவோவ் தொலைபேசியை நீண்ட கம்பியோடு இழுத்துக்கொண்டு வந்தார். வெளியே ஒவ்வொருவரும் அவரைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்ததால் காதெல்லாம் சிவந்திருந்தது.

"அடுத்த ஸ்டேஷன்ல பையெல்லாம் எறக்கிட்டாங்க. யாரோடது என்னன்னு கேக்கறாங்க. கயிறு கட்டின பழுப்புப் பெட்டி ஒண்ணு இருக்காம்." ஒக்னியனைப் பார்த்தார், ரட்காவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "சாயங்கால வண்டில போறவங்க அங்கேயே போய் எடுத்துக்கலாம். இல்லேன்னா இங்க அனுப்பிடுவாங்க. எதுன்னு நீங்களே சொல்லிடுங்க ரட்கா." ரிசீவரை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

என் பதிப்பாளர் விரும்பும் முடிவு எனக்குத் தெரியும். ரட்கா ரிசீவரில், "இங்க அனுப்பிடுங்க," என்கிறாள். பாதி சூப்பை இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தில் குடிக்கிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அவன் ஓடியதைப் பார்த்த கண்களை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? சண்டை வருகிற அடுத்த நாளில் அது வெளியே வராதா?

இன்னொன்றும் எழுதிப் பார்த்தேன். "நீ ஓடினத நான் பாத்தேன்," என்கிறாள். அவன் ஒரு கிண்ணத்தை நகர்த்தி வைக்கிறான். பிறகு, "நீ கதவப் பிடிச்சிட்டு நின்னத நானும் பாத்தேன்," என்கிறான். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் தெரியும் என்பதை அதுவரை நானும் யோசித்திருக்கவில்லை. இதன் பிறகு அவர்கள் சேர்ந்தார்களா பிரிந்தார்களா என்று எழுதப் போனால் பேனா எந்தப் பக்கமும் போக மறுக்கிறது.

ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், மாலை வண்டியில் அவன் போனானா இல்லையா என்று. நான் கேட்கவில்லை. போயிருந்தாலும் அவள் அனுப்பிவைத்துப் போனானா, தானாகவே போனானா என்று ஊருக்குத் தெரியாது. இங்கேயே தங்கியிருந்தாலும் அப்படித்தான். அந்த அறைக்குள் என்ன சொல்லப்பட்டது என்பதுதான் எனக்கு வேண்டும், அது அவர்கள் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கிறது.

ஆகவே இதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். ரிசீவர் ரட்காவின் கையில் இருக்கிறது. அந்தப் பக்கம் யாரோ, "ஹலோ, பழுப்புப் பெட்டி, சொல்லுங்க," என்கிறார்கள். அவன் ஷூவில் இருக்கும் பீன்ஸை இன்னும் தட்டிவிடவில்லை. சூப் ஆறிக்கொண்டிருக்கிறது. கொக்கி மாட்டும் சத்தம் வரட்டும், அதற்குள் யோசித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இப்போதெல்லாம் இங்கே மூன்று நிமிடம்தான்.